சுமையை அளப்போரும் சுமப்போரும்

நோயாளியைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகள் உலகில் ஏராளம். நோயாளியின் தலைமாட்டில் விழித்திருப்பவரைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. கடந்த அரை நூற்றாண்டுக்குள்தான் அறிவுலகம் அவர் பக்கம் முகத்தைத் திருப்பியது. கடும் நோயுற்றோரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பத்தவர் பற்றிய ஆராய்ச்சி இன்று தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது. வினாக்கொத்துகளும் அளவுகோல்களும் புள்ளிவிவரங்களும் ஆண்டுதோறும் குவிகின்றன. இம்முயற்சியை நாம் வரவேற்கிறோம். ஆயினும், இவ்வாராய்ச்சி யாரைப் பார்க்கிறது, யாரைப் பார்க்கத் தவறுகிறது என்ற வினாவை எழுப்பாமல் வெறும் வரவேற்போடு நின்றுவிட முடியாது. அந்த வினாவை மன்னார்க் கரையில் நின்று எழுப்பிப் பார்ப்பதே நமது நோக்கம்.

இலக்கிய ஏட்டில் இதற்கென்ன இடம் என்று சிலர் கேட்கலாம். இடம் உண்டு. பராமரிப்பவர் என்றதும் நமது மனக்கண்முன் வந்து நிற்கும் உருவத்தைச் செதுக்கியது மருத்துவம் அன்று. கதையும் புராணமுமே அதைச் செதுக்கின. அந்த உருவத்தை விட்டுவிட்டு ஆராய்ச்சியை மட்டும் விமரிசிப்பது பாதி வேலையாகவே முடியும்.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். இத்துறையில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற அளவுகோல், அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஸாரிட் தம் சகாக்களுடன் 1980-இல் வகுத்ததாகும். தொடக்கத்தில் 29 வினாக்களைக் கொண்டிருந்த அது பின்னர் 22 வினாக்களாகச் சுருக்கப்பட்டது. ஒவ்வொரு வினாவுக்கும், ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்குப் பூச்சியம் முதல் ‘ஏறக்குறைய எப்போதும்’ என்பதற்கு 4 வரை புள்ளிகள். கூட்டினால் 88-க்கு இத்தனை என்று ஒரு மனிதரின் சுமை எண்ணாகிவிடுகிறது. உமக்கென்று நேரமே இல்லை என்று உணர்கிறீரா, உமது உடல்நலம் கெட்டுவிட்டதாக உணர்கிறீரா, நோயாளியின் அருகில் இருக்கையில் மனம் இறுகுவதாக உணர்கிறீரா என்று வினாக்கள் நீள்கின்றன. ‘உணர்கிறீரா’ என்பதே பெரும்பாலும் பல்லவி. செலவுக்குப் பணம் போதவில்லையா என்பதையும் ஓர் உணர்வாகவே கேட்கிறார்கள். அதற்கும் 22-இல் ஒரே ஓர் இடம்தான்.

இதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. அதுவரை மருத்துவரின் குறிப்பேட்டில் பராமரிப்பவருக்கு ஒரு வரிகூட இருந்ததில்லை. அவரும் களைப்பார், அவரும் நோயுறுவார் என்று ஒப்புக்கொண்டதே ஒரு முன்னேற்றம். ஆனால் இதே தாளை எடுத்துக்கொண்டு பேசாலையிலோ பள்ளிமுனையிலோ ஒரு வீட்டின் திண்ணையில் போய் உட்காருவோம். கணவன் ஆறு மாதமாகப் பாயில் கிடக்கிறான். கருவாடு காயவிட்ட கையோடு வந்து எதிரே அமரும் பெண்ணிடம், ‘இவரைப் பராமரிப்பது உமக்குச் சுமையாக இருக்கிறதா?’ என்று கேட்டால் என்ன விடை வரும்? ‘என்ர மனுசனைப் பாக்கிறதுக்கு நான் கணக்குப் பாக்கிறதோ? அப்பிடி நினைக்கிறதே பாவம்’ என்பாள். ஆராய்ச்சியாளர் ‘ஒருபோதும் இல்லை’ என்ற கட்டத்தில் குறியிடுவார். புள்ளி பூச்சியம். சுமையே இல்லாத பெண் என்று அவள் ஏட்டில் ஏறிவிடுவாள். அவள் பேச அஞ்சியதையும் பேசக் கூசியதையும் அந்தப் பூச்சியம் விழுங்கிவிடும்.

இங்கே ஒரு வியப்பைச் சொல்லவேண்டும். இத்துறையின் முதன்மையான ஆய்வுகளை ஊன்றிப் படித்தால், அவை தாமே வேறொரு உண்மையைச் சொல்லிக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். 1980-இல் ஸாரிட் குழுவினர் ஆராய்ந்தது, முதுமை மறதிநோய்க்கு ஆளான 29 பேரையும் அவர்களைப் பராமரித்த 29 பேரையும்தான். நோயாளியின் மறதி எவ்வளவு கடுமையோ, நடத்தை எவ்வளவு தொல்லையோ, சுமையும் அவ்வளவு கூடும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அப்படி நிகழவில்லை. உறவினர் அடிக்கடி வந்து பார்த்த வீடுகளில் சுமை குறைந்திருந்தது. வருகை அருகிய வீடுகளில் அது கூடியிருந்தது. நோயின் கடுமையைவிட, அதன்முன் ஒருவர் தனித்து விடப்பட்டதே அவரை அழுத்தியது என்பதுதான் இதன் பொருள்.

1999-இல் ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்கொட் பீச் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. நோயுற்ற வாழ்க்கைத் துணையைப் பராமரித்து மனத்தாலும் உடலாலும் நைந்துபோன முதியோர், அத்தகைய பொறுப்பு இல்லாத முதியோரைவிட நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் அபாயம் 63 சதவீதம் அதிகம் என்று அது காட்டியது. ‘பராமரிப்பு ஆளைக் கொல்லும்’ என்ற செய்தியாக இது பரவிற்று. அதே ஆய்வில், பராமரித்தும் நைந்துபோகாதவர்களிடம் அப்படியொரு அபாயம் தெளிவாகக் காணப்படவில்லை என்ற பகுதியைப் பலர் எடுத்துச் சொல்லவில்லை. 2013-இல் டேவிட் ரோத் என்பவரும் சகாக்களும் அமெரிக்காவில் 3,503 பராமரிப்பாளர்களைப் பராமரிப்புப் பொறுப்பற்ற அதே அளவினரோடு ஒப்பிட்டபோது, பராமரித்தவர்களின் இறப்பு வீதம் 18 சதவீதம் குறைவாகவே இருக்கக் கண்டனர்.

ஒன்று கொல்லும் என்கிறது. மற்றொன்று வாழவைக்கும் என்கிறது. இவை முரண்பாடுகள்போலத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவரையொருவர் பேணுவது மனித குலத்தின் மிகப் பழைய தொழில். அது தன்னளவில் எவரையும் அழிப்பதில்லை. அது எந்த நிலைமையில் செய்யப்படுகிறது என்பதே கேள்வி. கூலியும் ஓய்வும் வாகனமும் மாற்றாளும் இன்றி, ஒரே ஒரு மனிதரின், பெரும்பாலும் ஒரே ஒரு பெண்ணின், தலையில் அதைக் கட்டிவிடும்போதுதான் அது சுமையாகிறது. நம்முடைய வாதம் முழுவதும் இதுவே. ஆராய்ச்சி தன் கண்டுபிடிப்பால் நிலைமையைச் சுட்டிக்காட்டுகிறது; தன் வினாத்தாளாலோ மீண்டும் மீண்டும் மனத்தையே அளக்கிறது. அதனால் அது தரும் பரிகாரமும் மனத்தோடு நின்றுவிடுகிறது: ஆறுதல் சொல்லுங்கள், மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுங்கள், மன அழுத்தத்தைச் சமாளிக்கப் பழக்குங்கள்!

மன்னாரின் நிலைமை என்ன? இந்நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. நமது மக்கள் பெற்ற பெரும் பேறுகளுள் இது ஒன்று. இதைக் காத்துக்கொள்வது நமது முதற் கடமை. ஆனால் சிகிச்சைதான் இலவசம். சிகிச்சையிடம் போய்ச் சேருவது இலவசமன்று. புற்றுநோய் போன்றதொரு நோய் தீவிலோ எதிரேயுள்ள கரையிலோ ஒருவரைப் பற்றிக்கொண்டால், குடும்பம் யாழ்ப்பாணத்துக்கும் தெல்லிப்பழைக்கும் அலைய நேரிடுகிறது. சில வேளைகளில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் கடந்து கொழும்பை அடுத்த மகரகமவுக்கும் போகவேண்டியிருக்கிறது. நோயாளி தனியே போக முடியாது. கூட ஒருவர் வேண்டும். இருவருக்குப் பயணச் செலவு, இருவருக்குச் சாப்பாடு, தங்க ஓரிடம். கூடப்போகிறவர் கடலுக்குப் போகிறவரானால் அன்றைய பாடு போயிற்று. கரையோரத்தில் வருமானம் மாதச் சம்பளமாக வருவதில்லை. அன்றன்றைய பிடியில்தான் அடுப்பு எரிகிறது. வள்ளம் பிறருடையதானால் பங்கும் சிறியது. சோழகம் கடுமையாக அடிக்கும் நாட்களில் அந்தப் பங்கும் இல்லை.

ஒரு வீட்டின் கணக்கை எண்ணிப் பார்ப்போம். முதலில் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போகின்றன. அடுத்து வலையோ இயந்திரமோ போகிறது. அதன்பின், வீட்டிலிருக்கும் மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ‘இரண்டு நாளைக்கு’ வராமல் நிற்கிறாள். அந்த இரண்டு நாள் ஒரு தவணையாகிறது. சோறு சமைப்பவள், தம்பி தங்கையைக் கவனிப்பவள், நோயாளியின் துணி துவைப்பவள் எல்லாம் அவளே. தாய் மட்டுமன்று, பதினான்கு வயதுப் பிள்ளையும் பராமரிப்பாளரே என்பதை எந்த வினாக்கொத்து கேட்கிறது? ‘பிரதான பராமரிப்பாளர்’ என்று ஒரு பெயரை எழுதும் கட்டத்தில் அவள் பெயருக்கு இடமில்லை. அவளை அறிந்தவர் ஒருவர் மாத்திரமே: இடாப்பில் அவள் பெயருக்கு நேரே வரவின்மைக் குறியிட்ட ஆசிரியர்.

2022-இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது இக்கணக்கு எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பது வெட்டவெளிச்சமாயிற்று. மண்ணெண்ணெய் இல்லை, படகு கரையில் கிடந்தது. எரிபொருள் இல்லை, வாகனம் ஓடவில்லை. மருந்துக்கும் தட்டுப்பாடு. இம்மூன்றும் ஒரே வேளையில் ஒரே குடிசையின்மேல் விழுந்த நாட்களில், ‘மன அழுத்தத்தைச் சமாளிக்கும் திறன்’ பற்றிப் பேசுவது எத்தகைய பேச்சு!

இவ்விடத்தில் இக்கரையின் மக்களைப் பற்றியே நடந்த ஓர் ஆய்வை நினைவுகூரவேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவினதும் முசலிப் பகுதியினதும் முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர்களை விட்டு நீங்கினர். பலர் புத்தளத்தில் அகதிகளாயினர். தமிழ்ச் சமுதாயம் தன் மனச்சாட்சியிடம் இன்னும் பதில் சொல்லிமுடிக்காத நிகழ்ச்சி அது. அப்படிப் புத்தளத்தில் இரு தசாப்தங்களாக வாழ்ந்த வட மாகாணத்தவர் 450 பேரிடம் செஸ்மால் சிறிவர்தனவும் சகாக்களும் நடத்திய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. பொதுவான உளநோய்களுள் ஏதேனும் ஒன்று 18.8 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. போர் என்றதும் எவரும் எதிர்பார்க்கும் அதிர்ச்சிக்குப் பிந்திய உளநோயோ 2.4 சதவீதத்தினரிடம் மாத்திரமே இருந்தது. உளநோய் எவரிடம் மிகுந்திருந்தது? வேலையற்றோரிடம், துணையை இழந்தோரிடமும் பிரிந்தோரிடமும், அடுத்த வேளை உணவு நிச்சயமில்லாதோரிடம். இது பராமரிப்பாளர் பற்றிய ஆய்வன்று. ஆனால் நமது வாதத்துக்கு இதைவிட நெருங்கிய சாட்சி இல்லை. வேலையும் துணையும் சோறும் அற்ற இடத்தில்தான் மனம் உடைகிறது. அதே வீட்டில் நோயாளி ஒருவரும் படுத்திருந்தால் அவரைப் பராமரிப்பவரின் கதி என்னவாகும் என்பதை ஊகிக்கப் புதிய அளவுகோல் தேவையில்லை.

இனி நமது இலக்கியத்தின் பக்கம் திரும்புவோம். மன்னாரில் மூன்று சமயத்தவரும் அருகருகே வாழ்கின்றனர். மூவருக்கும் நோயும் துன்பமும் சூழ்ந்த நேரத்துக்கென ஓர் உருவம் உண்டு. இந்துக்களுக்கு நளாயினி: தொழுநோயுற்ற கணவனுக்கு முகம் சுளிக்காமல் பணிவிடை செய்தவள். கத்தோலிக்கருக்கு வியாகுல மாதா: சிலுவையடியில் நின்ற தாய். முஸ்லிம்களுக்கு அய்யூப் நபியின் மனைவி: நெடுங்காலம் நோயுற்ற கணவரை விட்டகலாதவர். இவ்வுருவங்கள் மக்களுக்குத் தந்த தைரியத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். எத்தனையோ இரவுகளில் எத்தனையோ பெண்கள் இவர்களை எண்ணியே விடியும்வரை தாக்குப்பிடித்திருக்கிறார்கள். ஆனால் மூன்று உருவங்களும் பெண்களே என்பதையும், முணுமுணுக்காமையே அவர்களின் பெருமையாகச் சொல்லப்படுவதையும் கவனிக்கவேண்டும். பேசாத பெண்ணைப் போற்றிப் போற்றிப் பேசும் பெண்ணை நாம் குற்றவாளியாக்கிவிட்டோம். வினாத்தாளின் அந்தப் பூச்சியம் இங்கேதான் பிறந்தது. அய்யூப் நபியின் மனைவி பிறர் வீடுகளில் கூலிவேலை செய்து கணவருக்கு உணவளித்தார் என்று மரபுக் கதை சொல்கிறது. கதை கூலியை மறக்கவில்லை. அதை எடுத்துச் சொல்பவர்கள்தாம் பொறுமையை மாத்திரம் நினைவில் வைத்துக் கூலியை மறந்துவிட்டார்கள்.

மறக்காத எழுத்தாளர் ஒருவர் நம்மிடையே இருந்தார். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ என்ற சிறுகதையை மாணவர்கள் பலரும் படித்திருப்பர். சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளை. நெடுநாள் நோயாளியான மனைவி செல்லம்மாள். இங்கே பராமரிப்பவர் ஆண். பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு வந்து நோயாளிக்குப் பணிவிடை செய்கிறார், சமைக்கிறார். புதுமைப்பித்தன் அவரைத் தியாகி என்று புகழவில்லை. அழுது புலம்பவும் விடவில்லை. சொற்ப ஊதியமும், கடையின் நேரமும், தொலைதூர வீடும், மருந்தும், மரணமும் ஒரே கதைக்குள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நோயாளியின் படுக்கையைக் கடையின் கணக்கிலிருந்து பிரிக்க முடியாது என்று அவர் காட்டிவிட்டார். ஆராய்ச்சித்துறை பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எழுதப்பட்ட இக்கதை, பின்னாளைய வினாக்கொத்துகள் பலவற்றைவிட நிறைய அறிந்திருக்கிறது.

இதனோடு இன்னொரு கணவரையும் ஒப்பிடலாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரும் மருத்துவருமான ஆர்தர் கிளைன்மன், மறதிநோயுற்ற மனைவியைப் பல்லாண்டு பராமரித்த அனுபவத்தை 2019-இல் நூலாக எழுதினார். பராமரிப்பு மனிதனை மனிதனாக்குகிறது என்று அவர் உள்ளம் உருகச் சொல்கிறார். அதை நாம் நம்புகிறோம். ஆனால் அவருக்கு நிரந்தரப் பதவி இருந்தது; வீட்டில் உதவிக்கு ஊதியம் பெற்ற ஒருவரும் இருந்தார். பிரமநாயகம் பிள்ளையின் அன்பு அவருடைய அன்பைவிடக் குறைந்ததன்று. அன்பு ஒன்றே, நிலைமைகள் இரண்டு. ‘பராமரிப்பு நம்மைப் பண்படுத்தும்’ என்ற உபதேசத்தை ஜவுளிக்கடைச் சிப்பந்தியிடமும் கருவாட்டுக் கூலிப் பெண்ணிடமும் சொல்வதற்கு முன், அவர்களுக்கு முதலில் ஒரு மாற்றாளைத் தரவேண்டும்.

நமது கூற்றுக்கு ஓர் ஆட்சேபம் எழும். ‘மேல்நாட்டார் முதியோரை இல்லங்களில் தள்ளிவிடுகின்றனர், குடும்பப் பாசமே நமது செல்வம். அதை அரசாங்கத்தின் தலையில் கட்டச் சொல்கிறீர்களா?’ என்பர். பாசத்தை எவரும் எவர் தலையிலும் கட்ட முடியாது. நாம் கேட்பது, பாசத்தின் பெயரால் செய்யப்படும் வேலைக்குக் கணக்கு. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2018-இல் தந்த மதிப்பீட்டின்படி உலகில் ஒவ்வொரு நாளும் 1,640 கோடி மணித்தியாலங்கள் ஊதியமின்றிப் பராமரிப்பிலும் வீட்டு வேலையிலும் செலவாகின்றன. 200 கோடிப் பேர் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் கூலியின்றி உழைப்பதற்கு இது சமம். அதில் 76.2 சதவீதம் பெண்களின் உழைப்பு. குடும்பம் செல்வம் என்று புகழ்கிறவர்கள், அந்தச் செல்வத்தை நாள்தோறும் சேர்ப்பவர் யார் என்பதைமட்டும் சொல்வதில்லை. குடும்பத்தைப் புகழ்ந்தால் அரசுக்குச் செலவு மிச்சம். ஆணுக்கு வேலை மிச்சம்.

வேறு வழி உண்டா? உண்டு, அதுவும் அடுத்த வீட்டிலேயே உண்டு. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் சிலர் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை இயக்கம், 2001 அளவில் அயலவர் வலைப்பின்னலாக உருவெடுத்தது. கிராமத்து மக்களே பயிற்சி பெற்றுப் படுக்கையில் கிடப்போரின் வீடுகளுக்குச் சென்றனர். சிறு சிறு தொகைகளாக நிதி திரட்டினர். தாதியும் மருத்துவரும் வீடு தேடி வந்தனர். 2008-இல் மாநில அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது. உள்ளூராட்சி மன்றங்கள் பொறுப்பேற்றன. வருகை கூடினால் சுமை குறையும் என்ற 1980-ஆம் ஆண்டு ஆய்வின் உண்மையை ஏட்டில் உறங்கவிடாமல் தெருவில் நடக்கவிட்டவர்கள் அவர்கள்.

நம் நாட்டுக்கும் இது புதுமையன்று. 1926-இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்ட காலம்முதல் வளர்ந்த அமைப்பின் வழியாக, மருத்துவமாது கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் வீடு தேடிச் சென்று பார்க்கிறார். பிறப்பின் வாசலுக்கு ஆளனுப்பத் தெரிந்த அரசுக்கு இறப்பின் வாசலுக்கும் ஆளனுப்ப முடியும். வலி தணிப்புச் சிகிச்சையை ஒவ்வொரு நாட்டின் சுகாதார சேவையிலும் சேர்த்து, நோயாளியின் குடும்பத்துக்கும் துணைநிற்க வேண்டுமென 2014-இல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானித்தது. தீர்மானம் பேசாலையின் ஒழுங்கைக்குள் நடந்து வரவேண்டும். அதற்குக் கால் கொடுப்பவர்கள் மக்களே. தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கென எழுந்த கட்டடத்துக்கு, 2011-இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தவர்கள் நிதி திரட்டியதை நாம் மறக்கலாகாது. நாட்டின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்கு நடக்க முடிந்த மக்களுக்கு, நோயாளி கிடக்கும் அடுத்த வளவுக்கு நடப்பது பெரிய தூரமன்று.

நமது ஊர்களில் மரண சகாயச் சங்கங்கள் உண்டு. ஒருவர் கண்ணை மூடினால் பந்தல் வருகிறது, கதிரை வருகிறது, பணம் வருகிறது. அருமையான ஏற்பாடு. கண்ணை மூடுவதற்கு முந்திய ஆறு மாதங்களில் அந்த வீட்டுக்கு என்ன வந்தது? கதிரைகளுள் ஒன்றை முன்கூட்டியே கொண்டுபோய்ப் போட்டு, ஓர் இரவு ஒருவர் அதில் அமர்ந்திருந்தால், வீட்டுப் பெண் கண்ணயர்ந்து உறங்கியிருப்பாளே! கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் மாதர் சங்கமும் கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் இருக்கின்ற ஊரில் இதற்கு ஆட்பஞ்சம் இல்லை. ஆனால் அயலவரின் நல்லெண்ணம் அரசின் கடமைக்கு ஈடாகாது. நோயாளிக்கும் துணைக்கும் பயணப்படி, வைத்தியசாலை அருகே தங்க இடம், வீட்டுக்கு வரும் தாதி, வலிக்குரிய மருந்து மாவட்டத்திலேயே கிடைத்தல், பராமரிப்பால் படிப்பிழந்த பிள்ளைக்கு மீண்டும் வகுப்பில் இடம் ஆகிய இவற்றை உரிமையாகவே கேட்கவேண்டும். வீட்டினுள்ளே ஆண்கள் தம் பங்கைச் செய்யவேண்டும் என்பதையும் இதே குரலில் கேட்கவேண்டும். பிரமநாயகம் பிள்ளை உலை வைத்தார். அவரது ஆண்மை குறைந்துவிடவில்லை.

ஆராய்ச்சியாளரிடம் நாம் கேட்பது ஒன்றே. அளவுகோலை வீசி எறியவேண்டாம். அதன் முகத்தை மனத்திலிருந்து நிலைமைக்குத் திருப்புங்கள். ‘என்ன உணர்கிறீர்?’ என்பதோடு, ‘கடைசியாக எப்போது முழு இரவு உறங்கினீர்? எத்தனை நாள் தொழில் போயிற்று? எதை அடகு வைத்தீர்? யார் வந்து பார்த்தார்கள்? எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை?’ என்றும் கேளுங்கள். இவற்றுக்கு விடை சொல்லப் பெண் கூசமாட்டாள். ஏனெனில் இவை அவளது பாசத்தைச் சோதிக்கும் வினாக்களல்ல.

எழுத்தாளருக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது. மன்னார்க் கரையின் ‘செல்லம்மாள்’ எழுதப்படவேண்டும்: உப்புக் காற்றும் அடகுச் சீட்டும் பஸ் பயணமும் பாயில் கிடக்கும் உடலும் ஒன்றாக நிற்கும் கதை. அதுவரை காத்திராமல், நாளைக் காலையிலேயே தொடங்கக்கூடிய வேலை ஆசிரியருக்கு உண்டு. இடாப்பைத் திறந்து, இரண்டு வாரமாக வராத பிள்ளையின் பெயருக்கு நேரே இன்னொரு குறியிடுவதற்கு முன், மாணவர் இருவரை அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகட்டும். வருகை சுமையைக் குறைக்கும் என்று நிரூபித்தாகிவிட்டது.